கண்டி லைனில் வந்த பல்கலைக்கழகம்

பாலையூற்றுச் சந்தியில் காசிம் நானாவின் கடையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. எங்கள் வட்டாரத்துக்கே அது ஒன்றுதான். யாருக்கு அழைப்பு வந்தாலும் காசிம் நானா கடை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார். அந்தக் குரலுக்குத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் ஒருமுறை அசைந்து கொடுக்கும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அன்று காலை அவர் கத்தவில்லை. என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு தானே நடந்து வந்தார்.

“பரமு அண்ணே, சல்லியில இருந்து கோல். கெதியா வாங்க.”

“ஆர், பிரதம மந்திரியோ? பரமு முகம் வழிச்சுக்கொண்டிருக்கிறார், பிறகு எடுக்கட்டாம் எண்டு சொல்லுங்கோ நானா.”

அவர் சிரிக்கவில்லை. அரைக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு போய் எடுத்தேன். மறுமுனையில், என்னோடு வேலை பார்த்த யோகாம்பிகை அவர்களின் தம்பி தருமலிங்கம்.

“அண்ணை, அக்கா போயிற்றா.”

“எங்க போயிற்றா? திரும்பவும் சோதினை எழுதவோ?” என்று கேட்டேன்.

அப்படித்தான் கேட்டேன். அறுபது வருடமாகப் பகிடி விட்டுப் பழகிய நாக்கு இது. செய்தி எனக்கு விளங்குவதற்கு முன்பே அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. தருமலிங்கம் சொன்னார்: “விடிய எழும்பி நெஞ்சு நோகுது எண்டவ. கதிரையில இருத்தினனாங்கள். நான் தண்ணி எடுத்துக்கொண்டு வர முந்தி முடிஞ்சுது.”

கன்னத்து நுரை காய்ந்து தோலை இழுத்தது. காசிம் நானா ஒரு துவாயைக் கொண்டு வந்து தந்தார்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகமாக அச்சிடும் இந்தக் கல்வெட்டில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தருமலிங்கம் கேட்டார். “அக்காவைப் பற்றி உங்களுக்குத்தான் கூடத் தெரியும். நீங்கள் வழமையாச் சொல்லுற மாதிரி, சனம் சிரிக்கிற மாதிரி எழுதுங்கோ” என்றார். தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிரிக்கக்கூடிய இடங்கள் இந்தக் கட்டுரையின் முற்பகுதியில் இருக்கின்றன. அவற்றை அங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

அம்மையாரை அறியாதவர்களுக்காக முதலில் சில சொற்கள். யோகாம்பிகை அவர்கள் சல்லியில் கரைவலை இழுத்த குடும்பத்தில் மூத்த பிள்ளை. உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. குறைந்த அந்த ஓரங்குலத்தையும் குரலில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரையும்தான் வகுப்பு இருந்தது. அதற்கு மேல் படிக்க வேறு ஊருக்குப் போகவேண்டும், போக வழியில்லை. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன காலத்தையொட்டி, தொலைபேசி இணைப்பாளர் வேலைக்கான பரீட்சையில் சித்தியடைந்து, துறைமுகத்தடியில் இருந்த எங்கள் சின்ன இணைப்பகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கட்டடமும் இப்போது இல்லை.

அங்கே நான் பழுது திருத்துநர். திணைக்களம் எனக்குத் தந்த பதவி இரண்டாந்தரம். நானே எனக்கு வழங்கிக்கொண்ட பதவி, கீழைக் கடலோரக் கம்பிகள் அனைத்துக்கும் ஏகாதிபதி. வந்த முதல் நாளே அதை யோகாம்பிகை அவர்களுக்கு அறிவித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப ஏகாதிபதி ஐயா, இந்தக் கதிரையின்ர கால் ஆடுது, அதை ஒருக்காப் பாருங்கோ” என்றார்.

இன்றைய பிள்ளைகள் எண்களைச் சுழற்றினால் மணியடிக்கிறது. அன்று அப்படியில்லை. சுவரளவு பலகை ஒன்று. அதில் ஊரின் ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு சின்னத் தகட்டு மூடி. அங்கே ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய மூடி டக்கென்று விழும், கூடவே மணி கிர்ரென்று கத்தும். இணைப்பாளர் கயிற்றைச் செருகி, என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்ட இடத்துக்குத் தொடுத்துவிட வேண்டும். யோகாம்பிகை அவர்களின் கை வேகத்தைப் பற்றி நான் ஊரெல்லாம் சொன்னது என்னவென்றால், அழைப்பவர் வீட்டில் கைப்பிடியைத் தொட நினைக்கும்போதே இங்கே கயிறு செருகப்பட்டிருக்கும் என்பதுதான். அதில் அரைவாசியாவது உண்மை.

அவருக்கு இருபத்தெட்டு வயதாகும்போது பத்திரிகையில் ஓர் அறிவித்தல் வந்தது. வகுப்புக்குப் போகாமலே வெளிவாரியாகப் பட்டம் படிக்கலாம், வேலை பார்க்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று. அவர் அதைக் கத்தரித்துப் பலகையின் பின்கதவில் ஒட்டினார்.

“தங்கச்சி, வகுப்பில்லாத பல்கலைக்கழகம் எண்டால் சட்டியில்லாத குழம்பு மாதிரி. எதுக்குள்ள ஊத்திறது?” என்று கேட்டேன்.

“ஊத்த ஏதும் கிடைச்சாத்தானே அண்ணை சட்டியைத் தேடுறது” என்றார்.

அதுதான் சிக்கலாக இருந்தது. விண்ணப்பித்தார், வேண்டிய புகுமுகப் பரீட்சையையும் தட்டுத்தடுமாறி முடித்தார். ஆனால் படிக்கப் புத்தகம் இல்லை. தமிழில் இருந்ததெல்லாம் விரிவுரையாளர்கள் சொல்ல மாணவர்கள் எழுதிய குறிப்புகள்தான். பல்கலைக்கழகம் மலையில், நாங்கள் கடலில்.

நடுவில் ஒரு கம்பி இருந்தது. அதன் மறுமுனையில், கண்டிப் பக்கத்து இணைப்பகம் ஒன்றில், பிலோமினா என்றொரு இணைப்பாளர். நாளுக்கு ஐம்பது தரம் பேசிக்கொள்வார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பிலோமினா அவர்கள் தங்கியிருந்த விடுதியில் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள் இருந்தார்கள். அவர்களின் குறிப்புக் கொப்பிகளை அவர் இரவல் வாங்கினார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கந்தோர்களெல்லாம் சாப்பாட்டுக்குப் போய்விட, தூர லைன் சும்மா கிடக்கும். அந்த ஒரு மணிநேரம் அங்கிருந்து பிலோமினா வாசிப்பார். இங்கே யோகாம்பிகை அவர்கள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, பாவித்து முடிந்த அழைப்புத் துண்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவார். லைன் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு எங்களுக்கு அனுமதி இருந்தது. உலக சரித்திரத்திலேயே இவ்வளவு கவனமாகச் சோதிக்கப்பட்ட லைன் வேறொன்று இருந்திருக்காது.

“யோகம், எழுதிக்கிட்டீங்களா? ரோமாபுரி விழுறதுக்கு நாலு காரணம் இருக்கு. மொதலாவது…”

அந்த இடத்தில் ஒரு மூடி விழும். கருவாட்டு வியாபாரி ஒருவருக்குக் கொழும்பு வேண்டும். ரோமப் பேரரசு ஐந்து நிமிடம் விழாமல் பொறுத்து நிற்கும்.

துண்டுகள் நூலில் கோக்கப்பட்டுக் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. காபன் தாள் வைத்து அவர் பிரதி எடுத்துக் கொடுக்க, சுங்கத்தில் ஒரு லிகிதர், ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, கிண்ணியாவில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் என்று, வகுப்பறை வாசலை மிதித்திராதவர்கள் அதே குறிப்புகளைப் படித்தார்கள். வயது வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பாடமாக்குகிறவர்கள். “பல்கலைக்கழகத்தைக் கம்பியில கட்டி இழுத்துக் கடலுக்குள்ள இறக்கிப்போட்டம்” என்று நான் முழங்கினேன். முதலாம் பகுதிப் பரீட்சையில் யோகாம்பிகை அவர்கள் சித்தியடைந்தபோது இணைப்பகத்தில் கற்கண்டு பகிர்ந்தது நான்தான்.

சிரிப்பு இவ்வளவுதான். இனி எழுதப்போவதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கண்டியிலிருந்து வரும் குரல் மெல்லியது. இங்கே மணி கத்தினால் ஒரு வசனம் போய்விடும். ஒரு நாள் யோகாம்பிகை அவர்கள் எரிச்சலோடு பென்சிலை வைத்ததைக் கண்டு, “மணிக் கம்பியைக் கழட்டிவிடுறன் தங்கச்சி. ஒரு மணித்தியாலம்தானே. நான் இதில இருந்து மூடியளைப் பாத்துக்கொண்டிருப்பன், ஏதும் விழுந்தால் தோளில தட்டுறன்” என்றேன்.

“வேண்டாம் அண்ணை, மணி இருக்கட்டும்.”

“என்ர கண்ணில நம்பிக்கை இல்லையோ? இந்தக் கண் இலங்கைத்துறையில மீன் துள்ளினால் இஞ்ச இருந்து எண்ணுற கண்.”

இரண்டு கிழமை மறுத்தார். மூன்றாம் கிழமை ஒத்துக்கொண்டார். அந்த யோசனை என்னுடையது. கழற்றிய கை என்னுடையது. காவல் இருக்கவேண்டிய கண்ணும் என்னுடையது. ஓராண்டுக்கு மேல் ஒரு பிழையும் நடக்கவில்லை.

அன்று கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாடம் சர்வதேச வர்த்தகம். எங்கள் பியோன் சாப்பாட்டுப் பார்சலோடு உள்ளே வந்தார். அவருக்கு நான், துறைமுக வாயில் மிதவை ஒன்றை மணியோடு விழுங்கிவிட்ட சுறாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். சுறாவின் நீளத்தைக் காட்ட இரண்டு கையும் போதாமல் எழும்பி நடந்து காட்டினேன். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பியோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருந்தது எனக்கு.

திரும்பியபோது ஒரு மூடி விழுந்து கிடந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. தோளில் தட்டினேன். யோகாம்பிகை அவர்கள் கயிற்றைச் செருகினார். கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருந்த ஒரு மருந்துச்சாலை. அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி போட்ட சத்தம் காதுக்கருவியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

“எவ்வளவு நேரமாச் சுத்திக்கொண்டிருக்கிறன்! பிள்ளைப்பேறு, இரத்தம் நிக்குதில்லை. இறங்குதுறைக்கு லோஞ்சை அனுப்பச் சொல்லுங்கோ, உடன!”

லோஞ்ச் என்ற இயந்திரப் படகு நிற்கும் எங்கள் பக்கத்துத் துறைக்கு அடித்தார். காவலாளி சொன்னார்: “லோஞ்ச் இப்பதான் அம்மா கப்பலடிக்கு வெளிக்கிட்டது. ஒரு அஞ்சு நிமிசம் முந்திச் சொல்லியிருந்தால் மறிச்சிருப்பன்.”

அதற்குப் பிறகு அவர் கை போன வேகத்தை நான் மிகைப்படுத்தத் தேவையில்லை. இயந்திரப் படகு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அடித்தார், கடற்படைக்கும் அடித்தார். இவ்வளவுக்கும் நடுவில் கண்டிக் கயிறு இன்னும் செருகியே இருந்தது. அவர் அதை இழுக்கப் போனபோது அந்த மெல்லிய குரல் கேட்டது: “யோகம், எழுதிக்கிட்டீங்களா? அடுத்த வரி சொல்லவா?”

லோஞ்ச் மூன்று மணிக்குத்தான் அக்கரை சேர்ந்தது. கட்டைபறிச்சான் ஊரில் வயல் செய்த சித்திரவேல் என்ற கமக்காரரின் மனைவி பூமணி, இறங்குதுறையில் பாயில் கிடந்தபடி இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. நேரத்துக்கு லோஞ்ச் போயிருந்தாலும் தாய் தப்பியிருப்பாரோ என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. தப்பியிருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் முதலில் செய்தது மணிக் கம்பியைத் திரும்பப் பூட்டியது. அடுத்ததாகப் பழுதுப் புத்தகத்தை எடுத்தேன்.

“அக்கரை லைன் ஒரு மணியில இருந்து பழுது எண்டு எழுதிவிடுறன். கச்சானில அந்த லைன் விழாத நாளே இல்லை. ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

யோகாம்பிகை அவர்கள் என் கையிலிருந்து பேனையை வாங்கினார். “பழுது லைனில இல்லை அண்ணை.”

“தங்கச்சி… எனக்கு அஞ்சு பிள்ளையள்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. “உங்கட பேரை நான் எழுதமாட்டன். எழுதுறதெண்டால் நீங்கள் எழுதுங்கோ” என்று சொல்லி, தன்னுடைய கவனயீனத்தால் அழைப்பு தாமதமானது என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார். பேனையை மூடாமல் என் பக்கம் வைத்தார்.

நான் அதை எடுக்கவில்லை.

விசாரணை நடந்தது. மணி நல்ல நிலையில் இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். இருந்தது என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில், யாரையும் சிரிக்க வைப்பதற்கல்லாமல் சொன்னது அது ஒன்றுதான். மணி அடித்தும் எடுக்காமல் பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண் என்று அவரைப் பற்றி முடிவாயிற்று. ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு பதவி உயர்வு இல்லாமல் திருப்பி எடுத்தார்கள். ஊர் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தது. “கம்பியில படிச்சு ஆளைக் கொன்றவ.” சந்தையில் அதை அவர் காது படச் சொன்னவர்களும் இந்தக் கல்வெட்டை இப்போது கையில் வைத்திருக்கக்கூடும்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் ஒரு நாள், “அண்ணை, கட்டைபறிச்சானுக்குப் போகவேணும், துணைக்கு வாறீங்களோ?” என்று கேட்டார். போனோம். சித்திரவேல் முற்றத்தில் நின்றார். உள்ளே குழந்தை அழுதது. யோகாம்பிகை அவர்கள் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“அண்டைக்குக் கோல் எடுக்கச் சுணங்கினது நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

சித்திரவேல் கேட்டார்: “அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனீங்க?”

“படிச்சுக்கொண்டிருந்தனான்.”

“என்ன படிப்பு?”

“பட்டப் படிப்பு.”

“முடிச்சிட்டீங்களோ?”

“இல்லை. இனிப் படிக்கமாட்டன்.”

அப்போதுதான் அந்த மனிதரின் குரல் உயர்ந்தது. “படிக்கமாட்டீங்களோ? அப்ப அவள் என்னத்துக்குச் செத்தவள்? அரைகுறைப் படிப்புக்கோ? நாளைக்கு இந்தப் பிள்ளை கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? முடியுங்கோ. முடிச்சுப்போட்டு வந்து என்ர முகத்தைப் பாருங்கோ!”

யோகாம்பிகை அவர்கள் தலையசைத்தார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இவர் யார் என்று சித்திரவேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து படிப்பு அவருக்குத் தண்டனையாகிவிட்டது. முன்பு ஒரு புதிய விஷயம் விளங்கினால் கண்ணை அகல விரித்துக்கொண்டு, “அண்ணை, கேளுங்கோவன் இதை!” என்பார். அந்தக் குரலை அதன் பிறகு நான் கேட்கவில்லை. கம்பிப் பாடம் நின்றது. இரவல் குறிப்புகளோடு தனியாக இருந்து, கல்லுடைக்கப் போகிறவர் மாதிரிப் படித்தார். மற்றப் பாடங்களிலெல்லாம் சித்தியடைந்தார். சர்வதேச வர்த்தகம் வரும் வினாத்தாளில் இரண்டு தரம் தவறினார். எழுத உட்கார்ந்தால் அந்தக் கடைசித் துண்டில் பாதியில் நின்ற வசனத்துக்கு அப்பால் மனம் போகவில்லை என்று ஒருமுறை சொன்னார். பாடத்திட்டம் மாறியது; முடித்த பாடங்கள் சிலவற்றைத் திரும்பப் படிக்க வேண்டி வந்தது. வருடங்கள் போயின. அவருடைய தலை நரைத்தது.

பிறகு கசெட் வந்தது. பிலோமினா அவர்கள் கண்டியிலிருந்து ஒரு பொதி அனுப்பினார். விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே வைத்துப் பதிந்த பாடங்கள். இருமலும் கதிரை இழுபடும் சத்தமும் சேர்ந்தே இருந்தன. தருமலிங்கத்தின் ரேப் றெக்கோடரை நடுவில் வைத்து, தாதியும் சுங்க லிகிதரும் இன்னும் நாலைந்து பேரும் சல்லி வீட்டில் ஞாயிறு பின்னேரங்களில் கூடினார்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திருப்பிக் கேட்கலாம், யாருடைய அவசரமும் அதில் காத்து நிற்காது. “இது அண்டைக்கு இருந்திருந்தால்…” என்று தாதி ஒரு நாள் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். யோகாம்பிகை அவர்கள் பொத்தானை அமத்தி நாடாவை ஓடவிட்டார்.

பொதியில் ஒரு கசெட்டில் மட்டும் பிலோமினாவின் சொந்தக் குரல். “யோகம், அன்னைக்கு விட்ட எடத்துலருந்து வாசிக்கிறேன். நீங்க எழுத வேணாம். சும்மா கேட்டுக்கிட்டிருங்க.” மற்றவர்கள் எழும்பி வெளியே போனார்கள். நானும் போனேன். யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தபோது, அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த பரீட்சையில் தேறினார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, யோகாம்பிகை அவர்கள் கலைமாணிப் பட்டதாரி ஆனார். பெறுபேற்றுக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அக்கரைக்குப் போனார். சித்திரவேல் இரண்டாந்தாரம் கட்டியிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். யோகாம்பிகை அவர்கள் கடிதத்தை நீட்டினார்.

“முடிச்சிட்டன். நீங்கள் சொன்ன மாதிரி.”

சித்திரவேல் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் என்ன சொன்னனான்?”

யோகாம்பிகை அவர்கள் நினைவூட்டினார்.

“நான் அப்பிடிச் சொன்னனானோ? பிள்ளை, அந்த நாளையில நான் ஆருக்கு என்ன கதைச்சனெண்டு எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. அதுக்காகவோ இவ்வளவு காலமும்…” அவர் முடிக்கவில்லை. கடிதத்தை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது லோஞ்சில் யோகாம்பிகை அவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினைஞ்சு வருசம் அண்ணை” என்றார். நான் வாய் திறக்கவேண்டிய நேரம் அதுதான். திறந்தேன். லோஞ்சின் இயந்திரம் இருமுகிற இருமலைப் பற்றி ஒரு பகிடி வந்தது.

“உங்களுக்குக் கதை சொல்ல ஏலும். உண்மை சொல்ல மட்டும் ஏலாது” என்றார். கோபமில்லாத குரல். “சரி, சொல்லுங்கோ மிச்சக் கதையை. கரைக்குப் போக இன்னும் நேரம் கிடக்கு.”

அதற்குப் பிறகும் அவர் படிப்பை விடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். வயதெல்லை இல்லாமல், தபாலிலும் வானொலியிலும் பாடம் நடத்தும் புதிய ஏற்பாடுகள் வந்துவிட்டன. எங்கள் பலகைகளைக் கழற்றிவிட்டுத் தானாக இணைக்கும் இயந்திரத்தைப் பூட்டியதும், அந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று அறியவேண்டும் என்று மின்னியல் பாடநெறி ஒன்றுக்குப் பதிவு செய்தார். “இந்த வயசில என்னத்துக்குத் தங்கச்சி?” என்றேன். “இது ஒருத்தருக்கும் இல்லை, எனக்கு” என்றார். எட்டு மாதம் படித்தார். செத்தவீட்டுக்குப் போனபோது மேசையில் நாலாவது பாடப்பொதி விரித்தபடி இருந்தது. அதன் ஓரத்தில் தன் சின்ன எழுத்தில், “இது வடிவாய் இருக்கு” என்று எழுதியிருந்தார்.

கல்வி கம்பியில் வரும், நாடாவில் வரும், நாளை வேறெதிலோ வரும். எங்களைப் போன்றவர்களின் வீட்டு வாசலுக்கும் வரும், வரவேண்டும். எங்கள் கம்பிக்கும் ஒரு மணி இருந்தது. அதைக் கழற்றியது படிப்பல்ல, படித்த பெண்ணும் அல்ல, நான்.

போன கிழமை தனியாகக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். சித்திரவேல் வயல் வரம்பில் மண்வெட்டியோடு நின்றார். யோகாம்பிகை அவர்கள் காலமானதைச் சொன்னேன். பிறகு மணியைச் சொன்னேன், சுறாவைச் சொன்னேன், விசாரணையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டு முடித்தார். “அந்தப் பிள்ளை உங்கட பேரைச் சொல்லவேயில்லை.”

“இல்லை.”

“நீங்களும் ரெண்டு தரம் இஞ்ச வந்தனீங்க. தேத்தண்ணியும் குடிச்சனீங்க.”

“ஓம்.”

“உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?”

“அஞ்சு.”

“தாய் இருக்கிறாவோ?”

“ஓம்” என்றேன். “இருக்கிறா.”

அவர் வரம்பால் நடந்துபோய், தண்ணீர் பாய்கிற இடத்தை வெட்டி அடுத்த வயலுக்குத் திருப்பினார். பின்னேர லோஞ்ச் நேரம் வரையும் நான் அந்த வரம்பிலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரை எழுதிய தாள்களைத் தருமலிங்கத்திடம் கொடுத்தபோது, அவர் என் முன்னாலேயே முழுவதையும் வாசித்தார். மடித்துச் சைக்கிளில் அச்சகத்துக்குக் கொண்டுபோனார். திணைக்களத்துக்கும் உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இந்தக் கடைசி வரிகளைப் பின்னால் அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

யோகாம்பிகை தங்கச்சி, நீங்கள் மூடாமல் வைத்த பேனையை எடுக்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. ஊர் உங்களுக்குக் கொடுத்த பட்டம் என்னுடையது. அதை இன்று உங்கள் வீட்டு முற்றத்தில், எல்லோரும் பார்க்க வாங்கிக்கொள்கிறேன். கலைமாணி என்ற பட்டம் மட்டும் உங்களோடு வரட்டும். போய்வாருங்கள்.